பதின்மூன்றாவது வட்டம்

2020 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணிக்கு, பின்லாந்தின் வடகோடியில், இனாரி ஏரிக்கு மேற்கே நாலிவாராக் காட்டின் விளிம்பில் வெப்பமானி மைனஸ் இருபத்தொன்பது காட்டியது.

பனிவண்டிகளை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு மூன்று பேர் இறங்கினோம். காட்டு அலுவலகத்தின் அளவையாளர் இல்போ. முப்பத்துநான்கு வயது, தெற்கே பிறந்தவன், மூன்று வருடமாக இங்கே வேலை. பனிமான் மந்தைக்காரி ரவ்னா; ஐம்பத்தெட்டு வயது. பிறகு நான், நீலாஸ், எங்கள் மேய்ச்சல் கூட்டுறவின் செயலாளர். படிவத்தின் அடியில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது என்பதால் வந்தேன். ரவ்னா என் பெரியப்பா மகள், என்னைவிட நான்கு வயது மூத்தவள்.

மூவருமே களைத்துத்தான் வந்திருந்தோம். இல்போவின் குழந்தைக்குக் காதுவலி. இரண்டு இரவாக அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. என் இடது முழங்கால் போன வசந்தத்தில் அறுவை செய்தது; குளிரில் அது வேறு யாருடைய காலோ போல இருக்கும். ரவ்னா அக்டோபரிலிருந்து ஒரு நாள்கூட வீட்டில் உட்காரவில்லை.

அக்டோபர் கடைசியில் முதல் பனி விழுந்த பிறகு இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் எல்லாம் உறைந்தது. தரையில் வளரும் வெண்பாசியின் மேல் விரல் தடிமனுக்குக் கண்ணாடித் தகடுபோலப் பனிக்கட்டி படிந்துவிட்டது. பனிமான் குளம்பால் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பனியைத் தோண்டும். அந்தத் தகட்டை அதனால் உடைக்க முடியாது. அதற்கடியில் இருப்பதை முகரவும் முடியாது. அப்படிப்பட்ட வருடத்தில் மந்தைக்கு மிஞ்சுவது கிழட்டு பைன் மரங்களின் கிளைகளில் கறுப்பாகத் தொங்கும் தாடிப்பாசி மட்டும்தான். இளமரங்களில் அது இருக்காது. நாலிவாராவின் மரங்களுக்கு இருநூறு, முந்நூறு வயது. காட்டு அலுவலகம் அவற்றை வெட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தது.

பட்டியலிலிருந்து எடுக்க ஒரு வழி இருந்தது. கணினி வரைபடத்தில் தன்போக்கில் பதினைந்து புள்ளி வைக்கும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள், பனியின் மேல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்குள், இருபது சென்டிமீட்டருக்கு மேல் தாடி தொங்கும் மரங்களை எண்ண வேண்டும். ஐந்து மரம் இருந்தால் அந்த வட்டத்துக்கு ‘மிகுதி’ என்று பெயர். பதினைந்தில் ஆறு வட்டம் மிகுதி என்று வந்தால் அது மேய்ச்சல் காடு, வெட்டமாட்டார்கள். ஐந்துதான் வந்தது என்றால் வெட்டுவார்கள். ரவ்னாவின் மந்தைக்குக் குளிர்காலத்தின் கடைசி மூன்று மாதத் தீனி அந்த ஒரு எண்ணில் இருந்தது.

எஞ்சின் சத்தம் கேட்டால் மந்தை சிதறும் என்பதால் மேலே நடந்துதான் போக வேண்டும். எங்கள் இருவருக்கும் அகலமான மரச் சறுக்குப்பலகைகள். இல்போவுக்கு அலுவலகம் கொடுத்த, டென்னிஸ் மட்டைபோன்ற வலைப் பனிக்காலணிகள்.

“காலுல என்னப்பா? டென்னிஸ் ஆடவா வந்த?” என்றாள் ரவ்னா.

“ஆபீஸ்ல இதான் குடுத்தாங்க.”

“குடுத்தவங்க யாராவது இதப் போட்டு நடந்திருக்காங்களா?”

“மாடிப்படி வரைக்கும் நடந்திருப்பாங்க.” இல்போ வார்களை இறுக்கினான். “எட்டு கிலோமீட்டர்னு சொன்னீங்க. போறதுக்கு மட்டுமா, வர்றதும் சேத்தா?”

“போறதுக்கு. வர்றது உன் இஷ்டம்.”

சூரியன் பத்தேகாலுக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும், இரண்டு மணிக்கெல்லாம் போய்விடும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீல வெளிச்சம் இருக்கும். அந்த நீலத்தில் கிளம்பினோம். ரவ்னா முன்னால் தடம் போட்டாள். பனி மாவுபோல இருந்தது. தடம் போட்ட இடத்திலும் இல்போ முழங்கால்வரை புதைந்தான். மூச்சு விட்ட மாத்திரத்தில் உறைந்து இமையில் ஒட்டியது.

ஒன்பதரைக்கு முதல் வட்டத்துக்கு வந்தோம். மரங்களில் தாடி இருந்தது, எங்கள் தலைக்கு மேலே. கோடு போட்டுக் கத்தரித்ததுபோல எல்லா மரத்திலும் ஒரே உயரத்தில் நின்றது. கோட்டுக்குக் கீழே கிளைகள் துடைத்துவிட்டதுபோல மொட்டையாக இருந்தன.

இல்போ அளவுகோலை ஒரு மரத்தோடு சேர்த்து நிறுத்தினான். “ரெண்டு மீட்டர் பத்து,” என்றான். “பத்து சென்டிமீட்டர் மேல போயிடுச்சு.”

“மான் தின்னிருக்கு. தெரியுதில்ல?”

“தெரியுது.”

“அப்புறம் என்ன?”

“நிக்கிற மரத்துல இன்னைக்கு இருக்கிறதுதான் கணக்கு, ரவ்னா. நேத்து இருந்தது இல்ல.”

“தட்டு காலியா இருந்தா இந்த வீட்டுல யாரும் சாப்பிடறதில்லன்னு எழுதுவியா?”

“குறிப்புன்னு ஒரு பகுதி இருக்கு. அதுல எழுதறேன்.”

“அத யாரு படிப்பா?”

இல்போ கையுறையின் பின்பக்கத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “யாரும் படிக்கிறதில்ல,” என்றான்.

தவறு எங்களுடையதுதான். ரவ்னா செப்டம்பரிலேயே அளவைக்கு மனு கொடுத்தாள். அலுவலகம் ஜனவரியில் நாள் கொடுத்தது. அதுவரை மந்தையை நாலிவாராவுக்கு வெளியே வைத்திரு என்று நான் சொன்னேன். வெளியே வைத்து எதைத் தின்னக் கொடுக்க என்று கேட்டாள். டிசம்பரில் அவள் மந்தையைக் காட்டின் மேற்குப் பகுதிக்குள் விட்டாள். ஐந்து வாரத்தில் அது எட்டும் உயரம்வரை எல்லாவற்றையும் தின்றுவிட்டு ஆற்றுக்கு அப்பால் போயிருந்தது. எங்கள் சாட்சியம் மான்களின் வயிற்றில் இருந்தது.

இரண்டாவது வட்டத்தில் இரண்டு மரம். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. நான்காவதில் மூன்று. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஒரு நீண்ட சரிவு. அதில் ஏறும்போது நான் மரத்துக்கு மரம் நின்றேன். ரவ்னா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நான் நின்றபோதெல்லாம் அவளும் ஏதோ பலகையின் வாரைச் சரிசெய்வதுபோல நின்றாள். இல்போ எண்களைப் பென்சிலால் எழுதினான். பேனா அந்தக் குளிரில் எழுதாது. எட்டாவது வட்டம் முடிந்தபோது மணி பன்னிரண்டரை. எட்டில் ஒன்றுகூட மிகுதி இல்லை.

நின்றபடியே காய்ந்துபோன ஒரு பைனின் கிளைகளை ரவ்னா ஒடித்துத் தீ மூட்டினாள். கறுத்த கெண்டியில் பனியை அள்ளிப் போட்டாள். காய்ந்த மானிறைச்சியைக் கத்தியால் சீவிக் கொடுத்துவிட்டு, எங்கள் வழக்கப்படி காப்பிக் குவளையில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டாள். இல்போ ஒரு காலணியைக் கழற்றினான். குதிகாலில் ஒரு நாணயம் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது.

“முதல்லயே சொல்லக்கூடாதா?” என்றாள் ரவ்னா.

“சொன்னா தூக்கிட்டு வந்திருப்பீங்களா?”

“இல்ல. சிரிச்சிருப்பேன்.” தன் பைக்குள்ளிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்து அவன் மடியில் போட்டாள். “இதப் போடு. என் கையால பின்னினது. ஓட்ட இருந்தா குத்தம் சொல்லாத.”

இல்போ காலுறையைப் போட்டுக்கொண்டான். “ஒண்ணு சொல்லட்டுமா? மிச்சம் ஏழு வட்டம், எல்லாம் வடக்குச் சரிவுல. ஏழுல ஆறு மிகுதின்னு வரணும். வராது. இருட்டுக்கு முன்னாடி வண்டிக்குத் திரும்பிடலாம். மிச்சத்த ஆபீஸ்ல வான்படத்தப் பாத்து நிரப்ப விதி இடம் குடுக்குது.”

“வான்படத்துல தாடி தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப என்னன்னு நிரப்புவ?”

“இல்லன்னு.”

ரவ்னா வடக்கே பார்த்தாள். நடுவில் ஒரு சதுப்பு நிலம், வெள்ளை மேசைபோல. அதற்கப்பால் சரிவு. அங்கே பாறையும் ஆழப் பனியும் இருப்பதால் மந்தை தானாகப் போகாது. அதனால் தாடி அங்கே அப்படியே இருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். இல்போவிடம் பின்லாந்து மொழியில் பேசிக்கொண்டிருந்தவன், ரவ்னாவிடம் எங்கள் இனத்தின் சாமி மொழிக்கு மாறினேன்.

“அக்கா, வேண்டாம். பதிமூணாவது புள்ளி எங்க விழுந்திருக்குன்னு வரைபடத்துல பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா?”

“பாத்துட்டுதான். பேசாம காப்பியக் குடி.”

“நீங்க என்ன பேசறீங்கன்னு நான் கேக்கமாட்டேன்,” என்றான் இல்போ.

“இவனுக்கு முட்டி வலிக்குதாம்,” என்றாள் ரவ்னா.

நவம்பர் நடுவில், பனிக்கட்டித் தகடு படிந்த பிறகு, சினையாக இருந்த முப்பத்திரண்டு பெட்டைகள் மந்தையிலிருந்து பிரிந்து அந்த வடக்குச் சரிவில் மாட்டிக்கொண்டு, எட்டிய உயரத்துத் தாடியைத் தின்று தீர்த்தபின் பாறைகளைத் தாண்ட முடியாமல் நின்றன. பாறைகளுக்கு நடுவே வைக்கோலை ஏற்றிக்கொண்டு எந்த வண்டியும் போகாது. நான்காவது நாள் சில பெட்டைகள் எழுந்திருக்கவில்லை. ரவ்னா ரம்பத்தை முதுகில் கட்டிக்கொண்டு நடந்து போய், தாடி அடர்ந்த பதினோரு பைன்களைச் சாய்த்தாள். எங்கள் ஆட்கள் கெட்ட குளிர்காலங்களில் செய்துவந்ததுதான் இது. மரம் வெட்டுகிற சத்தம் கேட்டால் பசித்த மான் ஓடாது, கிட்டே வரும். உச்சிக் கிளையில் இருப்பதையெல்லாம் படுத்துக்கொண்டேகூடத் தின்னும். ஆனால் அது அரசு நிலம். பச்சை மரம் ஒன்றை வெட்டினாலும் குற்றம். அதனால் இப்போது யாரும் அதைச் செய்வதில்லை, செய்தவர் சொல்வதில்லை.

இருபத்தேழு பெட்டைகள் பிழைத்தன. நடக்கும் அளவுக்குத் தேறியதும் அவற்றை மேற்கே ஓட்டிவந்தாள். செத்த ஐந்தின் காதுகளை அறுத்து ஒரு பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். செத்த மானின் காதுக்குறியைக் கூட்டுறவில் காட்டியாக வேண்டும். எங்கே செத்தன என்ற கட்டத்தில் ‘நாலிவாரா, வடக்கு’ என்று எழுதினேன். அதற்கு மேல் நான் எழுதவில்லை, எழுதச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை. அவள் கோட்டில் ரம்பத்தூள் ஒட்டியிருந்தது.

தீயின் மேல் பனியைத் தள்ளிவிட்டுச் சதுப்பைக் கடந்தோம். ஒன்றேகால் மணிக்கு ஒன்பதாவது வட்டம். அங்கே நுழைந்தவுடனே இல்போ நின்றுவிட்டான். தாடி இடுப்பு உயரத்திலேயே தொடங்கியது. கிளைகள் கறுத்த ஈரத்துணி காயப்போட்டதுபோலத் தொங்கின. அளவுகோலை வெளியே எடுக்காமலே எண்ணினான்.

“ஏழு,” என்றான். “மிகுதி.”

ரவ்னா பலகையைத் திருப்பி அடுத்ததை நோக்கிப் போனாள்.

பத்தாவது புள்ளி ஒரு பாறைக் குவியலின் நடுவில் விழுந்திருந்தது. அங்கே இரண்டு குட்டை பிர்ச் மரங்கள் மட்டும்.

“கணினிக்கு வேற எடமே கெடைக்கலயா?” என்றேன்.

“அதுக்குக் கால் வலிக்காது,” என்றான் இல்போ. பூஜ்யம் போட்டான்.

இனி மீதி ஐந்தும் மிகுதி என்று வந்தாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரும் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தோம். பதினொன்றாவதில் நான்கு மரம் உடனே கிடைத்தது. ஐந்தாவது மரத்தின் தாடியை இல்போ மூன்று முறை அளந்தான். இருபத்தொன்று. பன்னிரண்டாவதில் ஒன்பது மரம். அப்போது வெயில் போய்விட்டது. மரங்களின் உச்சியில் சற்று நேரம் சிவப்பு இருந்தது, பிறகு அதுவும் இல்லை. எனக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லை. விரல்களை எண்ணியபடி நடந்தேன், அவை இருப்பதாக நம்பிக்கொண்டு.

பதின்மூன்றாவதை நெருங்கும்போது ரவ்னாவின் நடை மெதுவானது. இரண்டரை மணி இருக்கும்.

வட்டத்துக்குள் மூன்று பைன்கள் நின்றன. மூன்றிலும் நல்ல தாடி. மற்ற இடமெல்லாம் திறந்த வானம். தரையில் நீள நீளமாகப் பனிமேடுகள், படுத்துக்கொண்டிருக்கும் மாடுகளைப்போல. நவம்பரில் முழங்காலுக்குக் கீழே இருந்த பனி இப்போது தொடைக்கு மேல் ஏறியிருந்தது. அடிக்கட்டைகள் கண்ணில் படவில்லை.

“மூணு,” என்றான் இல்போ. ஒரு மேட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தான். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தான். “இவ்வளவு நடந்து மூணு.”

கொஞ்சம் கழித்து உட்கார்ந்திருந்த மேட்டைக் கையுறையால் தட்டிப் பார்த்தான். பனி சரிந்து ஒரு கிளை தெரிந்தது. “இது மரமா?” சுற்றிலும் பார்த்தான். “எல்லாமே மரமா? சாஞ்சிருக்கா?” படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பித் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு படித்தான். “இந்தக் குளிர்காலத்துல விழுந்த மரமும் கணக்குல சேரும். நின்னதாவே எடுத்துக்கணும். கிளையில பாசி இருந்த அடையாளம் தெரிஞ்சா போதும்.” குனிந்து கிளையின் அடிப்பக்கத்தைத் தடவினான். மான்களின் வாய் எட்டாத அந்தப் பக்கத்தில் ஒரு கைப்பிடி தாடி பனியோடு ஒட்டியிருந்தது. “இருக்கு. ரவ்னா, இதெல்லாம் இந்த வருஷம் விழுந்ததா?”

“இந்த வருஷம்தான்.”

“காத்துலயா? வேர்ப்பக்கம் தோண்டிப் பாத்துதான் எழுதணும். ஆனா என்னால இனிமே தோண்ட முடியாது. நீங்க ரெண்டு பேரும் சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன். கையெழுத்துப் போடப்போறது நீங்கதானே.”

“காத்துதான்,” என்றேன். “நவம்பர்ல பெரிய காத்து அடிச்சுது.”

சொல்லிவிட்டு நான் ரவ்னாவைப் பார்க்கவில்லை. எழுதிவிட்டால் போதும், இன்னும் இரண்டு வட்டம்தான், அப்புறம் வீடு என்று இருந்தது. இல்போ பென்சிலை வாயருகே கொண்டுபோய் ஊதினான்.

“எழுதாத,” என்றாள் ரவ்னா. “நீலாஸ் பொய் சொல்றான். காத்து இல்ல. நான்.”

“அக்கா, உனக்குப் பைத்தியமா?” என்றேன் எங்கள் மொழியில்.

அவள் பின்லாந்து மொழியிலேயே, இருவருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள். “ஜூன்ல பனி போயிடும். பட்டியல்லேர்ந்து காட்ட எடுத்தா மரம் வாங்கற மில்லுக்காரங்க சும்மா இருப்பாங்களா? ஆள் அனுப்பிப் பாப்பாங்க. ரம்பத்தால அறுத்த கட்டைய காத்து சாச்சுதுன்னு எழுதியிருந்தா, இவன் எழுதின பதினஞ்சும் குப்பைக்குப் போகும். இவன் வேலையும் போகும். காடும் போகும். அதுக்கா நான் இவ்வளவு தூரம் இந்த டென்னிஸ்காரனைக் கூட்டிட்டு வந்தேன்?”

ஒரு பலகையைக் காலிலிருந்து கழற்றினாள். அதையே மண்வெட்டியாக்கி மேட்டின் ஒரு முனையில் தோண்டத் தொடங்கினாள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். சும்மா நின்றால் குளிர்ந்தது. கால்மணி நேரம் ஆயிற்று. அடிக்கட்டை வெளியே வந்தது. வெட்டுமுகம் தட்டையாக, சுத்தமாக இருந்தது. பிசின் மஞ்சள் முத்துகளாக உறைந்திருந்தது.

இல்போ கைபேசியை எடுத்தான். குளிரில் அது அணைந்துபோயிருந்தது. கோட்டின் பொத்தானைக் கழற்றிக் கைபேசியை அக்குளில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நாங்களும் காத்திருந்தோம். அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்வதற்கு இல்லை.

“எத்தன?” என்றான்.

“பதினொண்ணு. உன் வட்டத்துக்குள்ள எட்டு.”

“எதுக்கு?”

“முப்பத்திரண்டு பெட்டைக்கு. இருபத்தேழுதான் நின்னுது.”

கைபேசி உயிர் பெற்றது. நான்கு படம் எடுத்தான். பிறகு படிவத்தின் பின்பக்கத்தை மறுபடி படித்தான். மெதுவாக, விரலை வைத்துப் படித்தான்.

“விழுந்த மரம்னு போட்டிருக்கு,” என்றான். “எப்படி விழுந்ததுன்னு போடல.”

எட்டு மரத்தின் கிளைகளையும் ஒவ்வொன்றாக நாங்கள் பனியிலிருந்து இழுத்துக் காட்டினோம். எல்லாவற்றின் அடிப்பக்கத்திலும் கொஞ்சம் தாடி இருந்தது. நின்ற மூன்று, சாய்ந்த எட்டு, ஆக மொத்தம் பதினொன்று என்று எழுதினான். மிகுதி. அதன் பிறகு குறிப்புப் பகுதிக்குப் போனான். அதில் வெகுநேரம் எழுதினான்.

“என்ன எழுதின?” என்றேன்.

“நடந்தத.”

“எல்லாத்தயுமா?”

“எல்லாத்தயும்தான். இவங்க சொன்னது, நீங்க சொன்னது.”

ரவ்னா சிரித்தாள். அன்று முழுவதும் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான். “யாரும் படிக்கிறதில்லன்னியே.”

பதினான்காவதில் ஆறு மரம். தலைவிளக்கின் வெளிச்சத்தில் எண்ணினோம். பதினைந்தாவதுக்கு வந்தபோது மூன்றேமுக்கால். விளக்கைச் சுற்றிக் காட்டி இல்போ நான்கு மரம் எண்ணினான். மறுபடி எண்ணினான், நான்கு. ரவ்னா வட்டத்தின் நடுவில் தடியில் சாய்ந்து நின்றாள். ஐந்தாவது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காட்டில் அவளுக்குத் தெரியாத மரம் இல்லை. கையைக் காட்டவில்லை. இல்போ ஒரு பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு போனான். விளக்கு மறைந்தது.

“இருக்கு,” என்றான் பாறைக்குப் பின்னாலிருந்து. “முழங்கை நீளம். எனக்கு நீங்க சொல்லியிருக்கலாம்.”

“நான் சொன்னா நான் சொன்னதா எழுதுவ.”

ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. ஆறு வட்டம். பாறையின் மேல் படிவத்தை வைத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். குளிரில் விரல்கள் மரத்துப்போனதில் என் பெயரை எனக்கே படிக்க முடியவில்லை.

திரும்ப நேர்வழியாக ஐந்து கிலோமீட்டர். முழு இருட்டு, மூன்று விளக்குகள். ரவ்னா முன்னால், இல்போ நடுவில், நான் கடைசியில். சதுப்பில் இல்போ ஒருமுறை விழுந்தான், எழுந்திருக்க அவசரப்படவில்லை. மல்லாந்து கிடந்தபடி சற்று நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரவ்னா திரும்பி வந்து தடியை நீட்டினாள்.

“என்மேல கோவமா?” என்று கேட்டான்.

“களைப்பா இருக்கு. கோவத்த நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“அத நான் எழுதித்தான் ஆகணும், ரவ்னா.”

“தெரியும்ப்பா. எந்திரி. தரை குளிருது.”

ஆறு மணிக்குச் சற்றுமுன் ஆற்றங்கரைக்கு வந்தோம். என் பனிவண்டி கிளம்பவில்லை. இழுத்துப்போக ரவ்னா அதைத் தன் வண்டியின் பின்னால் கட்டினாள். இல்போ வண்டியில் ஏறுமுன் குனிந்து காலுறையைக் கழற்றப் போனான். வைத்துக்கொள், உனக்கு வீடு தூரம் என்றாள்.

குறிப்புப் பகுதியை யாரோ படித்திருக்கிறார்கள். மார்ச் மாதக் கூட்டத்தில், அளவையின்போது பொய்யான தகவல் கொடுத்தேன் என்பதற்காகக் கூட்டுறவு என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கியது. எதிர்த்துக் கை தூக்கியது ரவ்னா மட்டும். பதின்மூன்றாவது வட்டம் கணக்கில் சேருமா என்று அலுவலகத்தின் சட்டப் பிரிவு ஏழு வாரம் யோசித்தது. மே மாதம் நாலிவாராவைப் பத்து வருடத்துக்கு வெட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இருபத்தேழு பெட்டைகளில் இருபத்திரண்டு குட்டி போட்டன.

ஜூனில் காவலர் ஒருவர் வந்து பதினோரு அடிக்கட்டைகளையும் எண்ணிவிட்டுப் போனார். செப்டம்பரில் ரவ்னாவுக்கு அபராதம் விதித்து, குற்றத்துக்குப் பயன்பட்ட பொருள் என்று ரம்பத்தைப் பறிமுதல் செய்தார்கள். அவள் இன்னும் வேறு வாங்கவில்லை. விறகு அறுக்க என்னுடையதை எடுத்துப்போகிறாள்.